அரசியல் நையாண்டி எழுதணும்னா எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது

முதல் தடவையா அரசியல் காமெடி எழுத உக்கார்றவங்க பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறாங்க. ஒரு தலைவரோட குரலை மிமிக்ரி பண்ணத் தெரிஞ்ச நண்பர் ஒருத்தர் இருப்பாரு, அவரைக் கூட்டிட்டு வந்து மைக் முன்னாடி நிறுத்தி, அந்தக் குரல்லயே பேசுற மாதிரி பத்து நிமிஷம் எழுதிக் குடுத்துடுவாங்க. அவர் வாயைத் திறந்ததும் விசில் பறக்கும், கைதட்டல் வரும். ஒரு நிமிஷம் கழிச்சு ஹால் அப்படியே அடங்கிடும். ஜனங்க கைதட்டினது "அட, அவரே பேசுற மாதிரி இருக்கே"ங்குற சந்தோஷத்துக்கு, அந்த சந்தோஷம் ஒரு தடவைதான் வரும். அப்புறம் அந்தக் குரல் என்ன சொல்லுதுன்னு காது குடுத்துக் கேட்க ஆரம்பிப்பாங்க, அப்ப சொல்றதுக்கு நம்மகிட்ட சரக்கு இல்லைன்னா மீதி ஒன்பது நிமிஷமும் அந்த நண்பர் மேடையில தனியா தவிக்கணும்.

நான் ரொம்ப வருஷமா மேடைக்கு எழுதுறேன், நடுவுல டிவிக்கும் எழுதியிருக்கேன், இப்ப புதுசா எழுத வர்றவங்களோட உக்காந்து ஸ்கிரிப்ட் திருத்துறேன். அவங்க எல்லார்கிட்டயும் முதல்ல சொல்றது இதுதான்: ஆளை எழுதாதீங்க, அந்த ஆள் போடுற கணக்கை எழுதுங்க. பதவியில இருக்குற யாரும் "நான் இப்ப ஒரு அநியாயம் பண்ணப்போறேன்"னு நினைச்சுக்கிட்டு கையெழுத்து போடறதில்ல. அவங்களுக்குள்ள ஒரு கணக்கு ஓடும், அந்தக் கணக்குப்படி பார்த்தா அவங்க செய்றது எல்லாம் நியாயமாத்தான் தெரியும். அந்தக் கணக்கை நாம கண்டுபிடிக்கணும், கண்டுபிடிச்சிட்டு அதைத் திட்டாம, அதை அப்படியே ஒத்துக்கிட்டு, இன்னும் நாலு படி முன்னாடி கொண்டுபோய் எங்க போய் முட்டுதுன்னு காட்டணும். நையாண்டிங்குறது இதுதான், மத்ததெல்லாம் அலங்காரம்.

கணக்கைக் கண்டுபிடிக்கணும்னா படிக்கணும், இதுக்கு குறுக்கு வழியே கிடையாது. மீம்ஸ் பார்த்து எழுதினா மீம்ஸ் மாதிரிதான் வரும், அதையும் நமக்கு முன்னாடியே நூறு பேர் போட்டிருப்பாங்க. செய்தித் தலைப்போட நிக்காம உள்ள போங்க, அரசாணை வெளியாகியிருந்தா அதைப் படிங்க, பட்ஜெட் உரையைப் படிங்க, சட்டசபையிலயும் பாராளுமன்றத்துலயும் கேட்ட கேள்விக்கு அமைச்சர் எழுத்துல குடுத்த பதிலைப் படிங்க. அந்த பதில்கள்ல இருக்குற சிரிப்பு எந்த எழுத்தாளரும் உக்காந்து யோசிச்சா வராது. நான் ஒரு நோட்டு வச்சிருக்கேன், பக்கத்துல கோடு போட்டு மூணா பிரிச்சிருப்பேன், என்ன சொன்னாங்க, என்ன செஞ்சாங்க, அதுல யாருக்கு வலிச்சுது. மூணாவது கட்டம் காலியா இருந்தா அந்த விஷயத்தை நான் எழுதறதே இல்ல. யாருக்கும் வலிக்காத ஒண்ணைக் கிண்டல் பண்ணா சிரிப்பு வரலாம், ஆனா வீட்டுக்குப் போறதுக்குள்ள மறந்துடும்.

படிச்சு முடிச்சதும் அந்தக் கணக்கை ஒரே ஒரு வாக்கியமா எழுதிப் பாருங்க. "இந்த அரசாங்கம் ரொம்ப மோசம்"ங்குறது கணக்கு இல்ல, அது நம்ம கோபம். "புகார் வரலைன்னா பிரச்சினையே இல்லைன்னு அர்த்தம்", இது கணக்கு. இதை வச்சு எழுதலாம், எவ்ளோ வேணா எழுதலாம். ஒரு வாக்கியத்துல அடங்கலைன்னா நமக்கே இன்னும் விஷயம் பிடிபடலைன்னு எடுத்துக்கிட்டு திரும்பப் போய் படிக்கணும்.

இந்தப் புகார் கணக்கை வச்சே ஒரு ஸ்கெட்ச், அதாவது சின்ன காமெடி நாடகம், எப்படி உருவாச்சுன்னு காட்டுறேன், எங்க பயிற்சிக் கூட்டத்துல ஒரு தம்பி கொண்டுவந்தது, நாங்க எல்லாரும் சேர்ந்து மூணு தடவை மாத்தி எழுதினோம். அவர் எழுதின முதல் டிராஃப்ட்ல ஒரு ஆள் தண்ணி வரலைன்னு ஆபீசுக்கு வருவாரு, அதிகாரி லஞ்சம் கேப்பாரு, கத்துவாரு, காலை டேபிள் மேல போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரு, கடைசியில வந்தவர் "மக்கள் வரிப்பணத்துல சம்பளம் வாங்கிட்டு..."ன்னு ஒரு நீள வசனம் பேசிட்டுப் போவாரு. எழுதினவருக்கு உள்ள இருந்த கோபம் நிஜம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா படிக்கும்போது யாரும் சிரிக்கல. கெட்டவன் கெட்டவனா நடந்துக்குறதுல என்ன சிரிப்பு இருக்கு? அதோட அந்த ஒரு அதிகாரியை மாத்திட்டா எல்லாம் சரியாயிடுங்குற மாதிரி ஒரு அர்த்தமும் வந்துடுது, அது உண்மையும் இல்ல.

ரெண்டாவது தடவை எழுதும்போது அதிகாரியை ரொம்ப நல்லவரா மாத்தினோம். எழுந்து நின்னு வரவேற்பாரு, நாற்காலி போடுவாரு. இப்படி வந்துச்சு:

வந்தவர்: சார், எங்க தெருவுல தண்ணி வந்து பதினோரு நாள் ஆச்சு.

அதிகாரி: அடடா. உக்காருங்க. இது புகாரா, தகவலாங்க?

வந்தவர்: புகார்தான் சார்.

அதிகாரி: (மேசை மேல இருக்குற கேடயத்தைத் துடைச்சுக்கிட்டே) இந்த வருஷம் நம்ம ஆபீஸ்ல புகாரே கிடையாதுங்க. நேத்துதான் அமைச்சர் வந்து இதைக் குடுத்துட்டுப் போனாரு. தகவலா குடுத்துடுங்களேன்.

வந்தவர்: தகவலா குடுத்தா தண்ணி வருமா?

அதிகாரி: தகவல் வந்துச்சுன்னு பதிவாகுங்க.

வந்தவர்: சரி விடுங்க சார், நான் புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்.

அதிகாரி: வாபஸ் வாங்கணும்னா முதல்ல நீங்க புகார் குடுத்திருக்கணுமே!

இங்க எல்லாரும் விழுந்து சிரிச்சோம். ஆள் மாறினதுதான் காரணம். அவர் நல்லவரா ஆனதும் தப்பு முழுக்க அந்தக் கேடயத்துக்கு மாறிடுச்சு, அதாவது கணக்குக்கு. பார்க்கிறவங்களுக்கும் இந்த மாதிரி ஒருத்தரை எங்கயோ பார்த்த ஞாபகம் வரும், ஏன்னா நாம எல்லாரும் பார்த்திருக்கிறது காலை மேல தூக்கிப் போட்டு உக்காந்திருக்குற வில்லனை விட, "என் கையில என்னங்க இருக்கு"ன்னு சொல்ற நல்ல மனுஷனைத்தான்.

ஆனா முடிவு வரல. புகார் இல்லைன்னு வந்தவர்கிட்டயே கையெழுத்து வாங்குற மாதிரி ஒண்ணு போட்டோம், பரவாயில்லாம இருந்துச்சு, ஆனா பத்து நிமிஷம் முன்னாடியே ஊகிக்க முடிஞ்சுது. மூணாவது டிராஃப்ட்லதான் கிடைச்சுது. வந்தவர் எழுந்து போறாரு, கதவுகிட்ட போனதும் அதிகாரி மெதுவா கூப்பிடுறாரு, "ஏங்க, அந்தத் தெருவுல எந்தப் பக்கம் வீடு?" "கோடி வீடு சார்." அதிகாரி கேடயத்தைப் பார்க்கிறாரு, அப்புறம் இவரைப் பார்க்கிறாரு. "எனக்கு எதுத்த வரிசைங்க. பதினொண்ணு இல்ல, பன்னெண்டு நாள் ஆச்சு. நான் யார்கிட்டங்க போய் சொல்றது?" விளக்கு அணையும். மேடையேத்தினப்ப முதல்ல ஒரு சிரிப்பு வந்து பாதியிலயே நின்னு போச்சு. அந்த நின்னு போன சிரிப்புக்காகத்தான் இவ்ளோ பாடும்.

இதுலேர்ந்து எடுத்துக்க வேண்டிய நடைமுறை விஷயம் என்னன்னா, கணக்கை வச்சு முதல்ல ஒரு சின்ன விளைவு எழுதுங்க (புகாரா தகவலா), அடுத்து அதைவிடப் பெருசா ஒண்ணு (வாபஸ் வாங்கவும் முடியல), மூணாவதுல கணக்கு போட்டவர் மேலயே அது திரும்பி விழணும். மூணு படி போதும். ஒவ்வொரு படியும் முந்தின படியிலேர்ந்து தானா முளைக்கணும், சம்பந்தமே இல்லாம ஒரு ஜோக் நல்லா இருக்குன்னு நடுவுல சொருகினா அந்த இடத்துல ஏணி உடைஞ்சிடும். அந்த ஜோக் எவ்ளோ நல்லா இருந்தாலும் எடுத்து நோட்டுல வச்சுக்குங்க, வேற ஸ்கெட்ச்சுக்கு ஆகும்.

யாரைப் பார்த்து சிரிக்கிறோம்ங்குறதுல நான் கொஞ்சம் கண்டிப்பா இருப்பேன். ஒரு தலைவரோட உடம்பு, நிறம், வயசு, திக்கித் திக்கிப் பேசுறது, அவர் பொறந்த சாதி, அவர் வீட்டுப் பெண்கள், இதையெல்லாம் தொட்டு எழுதுறது நையாண்டி இல்ல, வெறும் ஏசல். குண்டா இருக்குற அமைச்சரைக் குண்டுன்னு சொல்லி சிரிக்க வச்சா ஹால்ல உக்காந்திருக்குற குண்டான எல்லார் மேலயும்தான் அது விழும், அமைச்சர் மேல துரும்பு கூட விழாது, அவர் போட்ட திட்டத்தைப் பத்தி ஒரு கேள்வியும் எழாது. ஒரு ஸ்கெட்ச் எழுதி முடிச்சதும் கடைசி சிரிப்பு யார் மேல விழுதுன்னு பாருங்க, அங்க அதிகாரம் இல்லாத ஒருத்தர் நின்னுட்டு இருந்தாருன்னா திருப்பி எழுதுங்க. அதே சமயம் ஜனங்களையும் முழுசா விட்டுடக் கூடாது. கி.மு. 424ல ஏதென்ஸ்ல அரிஸ்டோஃபனிஸ் ஒரு நாடகம் போட்டாரு, அப்ப அதிகாரத்தோட உச்சத்துல இருந்த கிளியோனை அதுல கிழிகிழின்னு கிழிச்சிருப்பாரு, ஆனா அதே நாடகத்துல மக்களையும் ஒரு கிழவரா காட்டியிருப்பாரு, யார் வந்து முகஸ்துதி பண்ணாலும் மயங்கிப் போற வீட்டு எஜமான் மாதிரி. அந்த நாடகத்துக்கு முதல் பரிசு குடுத்தாங்க. குடுத்துட்டு கொஞ்ச நாள்லயே கிளியோனை தளபதியாவும் தேர்ந்தெடுத்தாங்க. ஆட்சியைக் கவிழ்க்கத்தான் எழுதுறேன்னு யாராவது சொன்னா நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். ஜனங்க சிரிச்சா நம்ம பக்கம் வந்துட்டாங்கன்னு அர்த்தம் இல்ல, ஒரு விஷயத்தை ஒரு நிமிஷம் வேற கோணத்துல பார்த்தாங்க, அவ்ளோதான், ஆனா அந்த ஒரு நிமிஷம் லேசுப்பட்டது இல்ல.

கணக்கு கிடைச்சாச்சு, அதை எந்த வேஷத்துல கொண்டுவர்றதுங்குறது அடுத்த கேள்வி. நம்ம மொழியிலயே இதுக்கு ரொம்பப் பழைய வழி ஒண்ணு இருக்கு, வஞ்சப்புகழ்ச்சி, அதாவது புகழ்ற மாதிரியே குத்திக் காட்டுறது. புறநானூறுல 95வது பாட்டு, அதியமானுக்காக ஔவையார் தூது போறாங்க, தொண்டைமான் தன்னோட ஆயுதக் கிடங்கைக் காட்டுறான். ஔவையார் திட்டவே இல்ல. உன் ஆயுதமெல்லாம் மயில்பீலி சாத்தி, மாலை போட்டு, நெய் பூசி, காவல் உள்ள மாளிகையில எவ்ளோ அழகா இருக்கு, எங்க அரசனோடது பகைவரைக் குத்திக் குத்தி நுனி உடைஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்குன்னு சொல்றாங்க. ஒரு வார்த்தை கூட தப்பா இல்ல, எல்லாமே பாராட்டு மாதிரிதான் இருக்கு. கேட்டவனுக்கு மட்டும் சுருக்னு ஏறும். இன்னைக்கும் நான் ஒரு தலைவரைப் பத்தி எழுதணும்னா முதல்ல அவரை மனசாரப் புகழ்ந்து ஒரு பக்கம் எழுதிப் பார்ப்பேன், எந்த இடத்துல புகழ்ச்சி தாங்காம உடையுதோ அந்த இடத்துலதான் ஸ்கெட்ச் இருக்கும்.

இன்னொரு வேஷம் காலத்தை மாத்துறது. சோவோட முகமது பின் துக்ளக் நாடகம் 1968ல வந்துச்சு, 1971ல படமாவும் ஆச்சு. 14ஆம் நூற்றாண்டு சுல்தான் கல்லறையிலேர்ந்து எழுந்து வந்ததா சொல்லிக்கிட்டு ஒருத்தர் தேர்தல்ல நின்னு பிரதமரே ஆயிடுவாரு, கட்சி மாறி வர்ற எம்.பி.க்களுக்கு துணைப் பிரதமர் பதவியா அள்ளிக் குடுப்பாரு. பாருங்க, இங்கயும் ஒரு கணக்குதான். பதவி குடுத்தா ஆள் வருவாங்கன்னா, வர்ற எல்லாருக்கும் ஏன் குடுக்கக் கூடாது? சோவோட அரசியல் உங்களுக்குப் பிடிக்குதோ பிடிக்கலையோ, எழுதுறவங்க அந்தக் கட்டுமானத்தை உக்காந்து படிக்கணும்.

மூணாவது, பேரே சொல்லாம ஒரு இலாகாவைக் கற்பனையா உருவாக்குறது. பிபிசியோட எஸ் மினிஸ்டர்ங்குற டிவி காமெடித் தொடர் 1980ல ஆரம்பிச்சுது, அதுல வர்ற அமைச்சகம் கற்பனை, அமைச்சர் எந்தக் கட்சின்னு கடைசி வரைக்கும் சொல்ல மாட்டாங்க. அதனாலதான் ஆட்சி மாறினாலும் அது பழசாகல, அமைச்சருக்கும் செயலாளருக்கும் நடக்குற இழுபறி எந்தக் கட்சி வந்தாலும் இருக்கத்தான் போகுது. நிஜப் பேரைப் போட்டா இன்னைக்கு கைதட்டல் பெருசா கிடைக்கும், கற்பனைப் பேரு போட்டா பத்து வருஷம் ஓடும், ரெண்டுல எது வேணும்னு எழுதுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிக்குங்க. ரஷ்ய எழுத்தாளர் கோகோல் 1836ல ஆள்மாறாட்டத்தை வச்சு ஒரு நாடகம் பண்ணியிருக்காரு, ஒரு சின்ன ஊர் அதிகாரிகள் எல்லாம் சேர்ந்து, சும்மா வந்து தங்கியிருக்குற ஒரு வெட்டிப்பயலை தலைநகர்லேர்ந்து வந்த ஆய்வாளர்னு நினைச்சு நடுங்குவாங்க. அந்த ஒரு பயத்தை வச்சே அஞ்சு அங்கம் ஓடும். நம்ம தெருக்கூத்துல கட்டியங்காரன் ராஜாவுக்குப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு ராஜாவையும் ஜனங்களையும் ஒரே வாக்கியத்துல கேலி பண்ணிட்டுப் போவான், அதுவும் ஒரு வேஷம்தான், ஒரு சாதாரண உதவியாளரை அந்த இடத்துல நிறுத்திப் பாருங்க, ஸ்கெட்ச்சுக்கு உயிர் வந்துடும்.

இப்ப வசனத்துக்கு வரேன், இதுல எனக்கு ஆசை ஜாஸ்தி, கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

தமிழ்ல வினை கடைசியில வரும். அதனால சாதாரணமா எழுதினா சிரிப்பு வர வேண்டிய வார்த்தை நடுவுல மாட்டிக்கும், அதுக்கப்புறம் "சொல்றாங்க", "பண்ணிட்டாங்க", "இருக்காங்க"ன்னு ஒரு வால் தொங்கும், ஜனங்க அந்த வாலைக் கேட்டுட்டுத்தான் சிரிக்கணும்னு ஆகும், அதுக்குள்ள சூடு ஆறிடும். "புகார் பெட்டி காணாம போனதை அந்தப் பெட்டியிலதான் எழுதிப் போடணும்னு சொல்றாங்க", இது தட்டையா இருக்கு. "புகார் பெட்டி காணோம்னு சொன்னேன், எழுதிப் போடச் சொல்றாங்க... அந்தப் பெட்டியில." பேச்சுத் தமிழ்ல சொற்களை இடம் மாத்த நமக்கு தாராளமா சுதந்திரம் இருக்கு, அதைப் பயன்படுத்துங்க, வெடிக்கிற வார்த்தை கடைசி வார்த்தையா இருக்கணும், அதுக்கப்புறம் ஒரு எழுத்து கூட வேண்டாம். எழுதினதை வாய்விட்டுப் படிச்சுப் பார்த்தா தானா தெரியும், கண்ணுக்கு நல்லா இருக்குற வாக்கியம் பல நேரம் வாய்க்கு வராது.

அடுத்தது, நமக்கு ரெண்டு தமிழ் இருக்கு. ஆபீஸ் தமிழும் வீட்டுத் தமிழும். "ஆவன செய்யப்படும்", "பரிசீலனையில் உள்ளது", "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்". இந்த வாக்கியங்களை நிறுத்தி நிதானமா பாருங்க, எதுலயாவது செய்ற ஆள் இருக்காரா? யாரு ஆவன செய்வாங்க? யாரு பரிசீலிக்கிறாங்க? இலக்கணத்துலயே எழுவாயை ஒளிச்சு வச்சிருக்காங்க. ஒரு பாத்திரம் வீட்டுத் தமிழ்ல கேள்வி கேக்க, இன்னொரு பாத்திரம் ஆபீஸ் தமிழ்ல மட்டும் பதில் சொன்னா, ஜோக்கே எழுதாம ரெண்டு நிமிஷம் சிரிப்பு வரும். "எப்ப சார் ரோடு போடுவீங்க?" "சாலை அமைக்கப்படும்." "யாரு சார் போடுவாங்க?" "அமைக்கப்படும்." "சார், நீங்களா, கான்ட்ராக்டரா?" "விரைவில்." மேடையில இதைப் போட்டப்ப "விரைவில்"னு வர்ற இடத்துல நடிகர் ஒரு வினாடி யோசிச்சுட்டு சொன்னாரு, அந்த யோசனைக்கே தனி சிரிப்பு. அப்புறம் அதே அதிகாரி ஸ்கெட்ச் கடைசியில போன்ல தன் பொண்ணுகிட்ட வீட்டுத் தமிழ்ல பேசுற மாதிரி ஒரு வரி வச்சோம், அந்த ஒரு வரியில மனுஷன் வெளிய வந்துடுறாரு.

மேடைக்கும் டிவிக்கும் வித்தியாசம் நிறைய இருக்கு. மேடையில ஜனங்க சிரிக்கும்போது நடிகர் காத்திருக்கலாம், அதனால சிரிப்பு வர்ற வரிக்கு அடுத்த வரியில முக்கியமான தகவல் எதையும் வைக்காதீங்க, அது சிரிப்புச் சத்தத்துல முழுகிப் போகும், ரெண்டாவது வரியா ஒரு சும்மா வரி போட்டு வைங்க, மூணாவதுல தகவல் வரட்டும். மேடையோட இன்னொரு பலம் ஒவ்வொரு நாளும் மாத்தலாம்ங்குறது. இத்தாலியில டாரியோ ஃபோ 1970ல, போலீஸ் காவல்ல இருந்தப்ப ஜன்னல்லேர்ந்து விழுந்து செத்த ஒரு ரயில்வே தொழிலாளியோட சம்பவத்தை வச்சு நாடகம் போட்டாரு, அது சம்பந்தமான வழக்கு அப்ப ஓடிட்டே இருந்துச்சு, கோர்ட்ல புதுசா ஏதாவது வெளிய வந்தா நாடகத்துலயும் மாத்திக்கிட்டே வந்தாங்க. அவ்ளோ கனமான சாவை சிரிப்பு நாடகமா போட்டு, போலீஸ் சொன்ன கதை ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே இல்லைன்னு காட்டினாரு. 1997ல அவருக்கு நோபல் பரிசும் கிடைச்சுது. அதுக்காக நாமும் தினம் மாத்தணும்னு இல்ல, ஸ்கெட்ச்ல ரெண்டு இடத்தை மட்டும் காலியா விட்டு வைங்க, அன்னைக்கு காலையில வந்த செய்திக்கு. முழுசா மாத்தினா நடிகர்கள் திணறிடுவாங்க.

டிவியில காத்திருக்க முடியாது, ஆனா படம் இருக்கு. அமைச்சர் பேசின கிளிப்பையே போடலாம், அதுக்கப்புறம் அதே அமைச்சர் மூணு வருஷம் முன்னாடி பேசின கிளிப், நடுவுல தொகுப்பாளர் ஒரு வார்த்தையும் பேசாம கேமராவைப் பார்த்தா போதும். இங்க எழுத்தாளர் வேலை பாதி ஆராய்ச்சிதான், சரியான கிளிப்பைத் தேடி எடுக்குறது. கிளிப்பை முன்னப்பின்ன வெட்டி அர்த்தம் மாத்துறதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீங்க. முன்னாடி ரெண்டு வாக்கியம், பின்னாடி ரெண்டு வாக்கியம் சேர்த்துப் பார்த்தாலும் நம்ம ஜோக் நிக்குதான்னு பாருங்க, நிக்கலைன்னா அந்த ஜோக் பொய்.

நேரக் கணக்கும் முக்கியம். ஒரு பக்கம் ஒரு நிமிஷம்னு எல்லாரும் சொல்வாங்க, தமிழ்ல வார்த்தைகள் நீளமா இருக்குறதால அது அப்படியே ஒத்து வராது, கையில ஸ்டாப்வாட்ச் வச்சு படிச்சுப் பார்த்துதான் முடிவு பண்ணணும். அமெரிக்காவுல 1975லேர்ந்து ஓடிட்டு இருக்குற டிவி காமெடி நிகழ்ச்சி சாட்டர்டே நைட் லைவ்ல செவ்வாய்க்கிழமை ராத்திரி முழுக்க எழுதுவாங்க, புதன்கிழமை எல்லாரும் மேசையைச் சுத்தி உக்காந்து படிப்பாங்க, சனிக்கிழமை லைவுக்கு சில மணி நேரம் முன்னாடி ஆடியன்ஸை உக்கார வச்சு ஒரு முழு ஒத்திகை பார்த்துட்டு, எடுபடாத ஸ்கெட்ச்சை அங்கயே தூக்கிடுவாங்க. அவ்ளோ வருஷ அனுபவம் இருக்குறவங்களே ஜனங்க முன்னாடி ஓட்டிப் பார்க்காம நம்புறதில்ல, அதனால நாமும் குறைஞ்சது நாலு பேர் முன்னாடியாவது படிச்சுக் காட்டணும், அதுல ஒருத்தராவது நம்ம அரசியலுக்கு எதிர்ப்பக்கம் இருக்குறவரா இருந்தா நல்லது. அவர் சிரிச்சுட்டா அது நல்ல எழுத்து. அவர் சிரிக்காம ஆனா "இது நியாயமான கேள்விதான்"னு சொன்னா அதுவும் நல்ல எழுத்து.

உண்மை சரிபார்க்கிறது பத்தி நான் ரொம்ப அழுத்தி சொல்லணும், ஏன்னா இதுல நான் அடிபட்டிருக்கேன். ஒரு திட்டத்துக்கு ஒதுக்கின தொகையை ஒரு பத்திரிகைத் தலைப்புலேர்ந்து எடுத்து அதை வச்சே ஒரு ஸ்கெட்ச் எழுதினேன், நல்லா ஓடுச்சு, செம கைதட்டல். முடிஞ்சதும் கணக்குத் துறையில வேலை பார்க்குற ஒரு அம்மா மேடைக்குப் பின்னாடி வந்து, "தம்பி, நீங்க சொன்னது அஞ்சு வருஷத்துக்கான தொகை, நீங்க ஒரு வருஷத்துக்குன்னு சொல்லிட்டீங்க"ன்னு ரொம்ப அமைதியா சொல்லிட்டுப் போனாங்க. அன்னைக்கு தூங்கல. தப்பான தொகையைக் கேட்டு சிரிச்ச முந்நூறு பேரை நான் எங்க போய்த் தேடி சரி பண்றது? அதுக்கப்புறம் ஒவ்வொரு ஸ்கெட்ச்சுக்கும் ஒரு ஃபைல் வச்சிருக்கேன், அதுல வர்ற ஒவ்வொரு தொகைக்கும் தேதிக்கும் மூல ஆவணம் உள்ள இருக்கும். வக்கீல் கேட்டாலும் எடுத்துக் குடுக்கலாம், கேட்பாங்க.

வக்கீல்னு சொன்னதும் சட்டம். இது நாட்டுக்கு நாடு மாறும், அதனால நிஜ மனுஷரோட பேரு வர்ற எதையும் மேடையேத்துறதுக்கு முன்னாடி அவதூறு சட்டம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டிடுங்க. எழுதும்போதே பார்த்துக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, கேட்கிறவங்க எதை நடந்த சம்பவமா எடுத்துக்குவாங்க, எதை மிகைப்படுத்தின கற்பனைன்னு புரிஞ்சுக்குவாங்கன்னு. அமைச்சர் நிலாவுல மேம்பாலம் கட்டினாருன்னா யாரும் நம்ப மாட்டாங்க, பிரச்சினை இல்ல. அமைச்சர் இன்னார்கிட்ட இவ்ளோ பணம் வாங்கினாருன்னு ஸ்கெட்ச்ல வந்தா அது குற்றச்சாட்டு, ஆதாரம் இல்லாம எழுதவே கூடாது. பாதி நம்புற மாதிரி பாதி நம்பாத மாதிரி எழுதுறதுதான் ரொம்ப ஆபத்து, நியாயமும் இல்ல.

அதிகாரத்துக்கு இந்த வேலை பிடிக்காதுங்குறதையும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் இறங்கணும். இங்கிலாந்துல 1737ல நாடகங்களுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கணும்னு சட்டம் கொண்டு வந்தாங்க, பிரதமர் வால்போலை மேடையில கிண்டல் பண்ணது அதுக்கு ஒரு முக்கிய காரணம், அந்த முன்தணிக்கை போறதுக்கு 1968 வரைக்கும் ஆச்சு. பிபிசியில 1962ல ஆரம்பிச்ச தட் வாஸ் தி வீக் தட் வாஸ்ங்குற அரசியல் நையாண்டி நிகழ்ச்சியை 1963 கடைசியில நிறுத்தினாங்க, அடுத்த வருஷம் தேர்தல் வருதுங்குறதை அதுக்குக் காரணமா சொன்னாங்க. எகிப்துல இதய அறுவை நிபுணரா இருந்த பாசெம் யூசுஃப் 2011ல யூடியூப்ல அரசியல் நையாண்டி பண்ண ஆரம்பிச்சு டிவிக்குப் போய் கோடிக்கணக்கான பேர் பார்க்குற அளவுக்கு வளர்ந்தாரு, 2013ல அவர் மேல கைது வாரண்ட் வந்துச்சு, 2014ல நிகழ்ச்சியையே நிறுத்த வேண்டியதாச்சு. இதைப் படிச்சு பயப்படச் சொல்லல. உங்க கூட மேடையில நிக்கிற நடிகர், லைட் போடுறவர், ஹால் குடுத்தவர், இவங்க எல்லாருக்கும் ஸ்கிரிப்ட்ல என்ன இருக்குன்னு முன்கூட்டியே முழுசா தெரிஞ்சிருக்கணும். ஒருத்தர் இந்த வரியை நான் பேச மாட்டேன்னு சொன்னா வற்புறுத்தாதீங்க, வரி எழுதினது நாம, முகம் அவரோடது.

மத்த சின்ன விஷயங்களை வேகமா சொல்லிடுறேன். பாத்திரங்களுக்கு கட்சிச் சின்னம், கொடி, துண்டு எல்லாம் போட்டு அடையாளம் காட்டாதீங்க, வசனத்துலேர்ந்தே தெரியட்டும். ஒரே வரியை மூணு இடத்துல திரும்பக் கொண்டுவர்றதா இருந்தா மூணாவது தடவை வேற ஆள் வாயிலேர்ந்து வரணும். ஸ்கெட்ச் ஆரம்பிச்சு நாலாவது வரிக்குள்ள யாரு, எங்க, என்ன வேணும்ங்குற மூணும் புரிஞ்சிடணும். கடைசி சிரிப்புக்கு அப்புறம் கருத்து சொல்ற வசனம் வேண்டவே வேண்டாம், ஜனங்களுக்குப் புரிஞ்சிருக்கும், புரியலைன்னா முன்னாடிதான் எங்கயோ தப்பு.

முதல் ஷோ அன்னைக்கு நீங்க மேடைக்குப் பக்கத்துல நிக்காதீங்க, ஹால்ல கடைசி வரிசையில ஸ்கிரிப்ட்டோட உக்காருங்க. சிரிச்ச இடத்துல ஒரு கோடு, சிரிப்பு எதிர்பார்த்து வராத இடத்துல ஒரு வட்டம், யாராவது இருமினா, செல்லை எடுத்துப் பார்த்தா அந்த வரிக்குப் பக்கத்துல ஒரு புள்ளி. புள்ளிகள் ஒரே பக்கத்துல குவிஞ்சிருந்தா பிரச்சினை அந்தப் பக்கத்துல இருக்காது, அதுக்கு முந்தின பக்கத்துல இருக்கும், அங்க கணக்கு எங்கயோ விட்டுப் போயிருக்கும். அன்னைக்கு ராத்திரியே அந்தப் பக்கத்தை எடுத்து வச்சு உக்காருங்க, காலையில நடிகர்கள் வர்றதுக்குள்ள புது வரி அவங்க கையில இருக்கணும்.